கை நடுக்கம் வெறும் முதுமையா?

வீட்டில் பெரியவருக்குக் கை நடுங்கினால், "வயசாயிடுச்சு" என்று நாம் விட்டுவிடுகிறோம். அதோடு நடை சுருங்குதல், கையெழுத்து சிறுத்துப்போதல், ஸஜ்தாவிலிருந்து எழத் தாமதமாதல் ஆகியவையும் சேர்ந்தால் அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூளையின் நரம்பு செல்கள் சில ரசாயனங்களின் மூலம் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அவற்றுள் ஒன்று டோபமின். நாம் நினைத்தபடி கை கால் சீராக அசைய இது தேவை. நடுமூளையில் இதைச் சுரக்கும் செல்கள் அழிவதால்தான் இந்த நோயில் அசைவு தடுமாறுகிறது. டோபமினை மாத்திரையாகக் கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. ஆகவே, உள்ளே சென்று டோபமினாக மாறும் லெவோடோபாவைத் தருகிறார்கள். அது நோயை நீக்காது, அசைவை எளிதாக்கும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. இறைச்சி, பருப்பு போன்ற புரத உணவு இம்மருந்தின் பலனைக் குறைக்கலாம். சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு மாத்திரை போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. கடும் உடல் இறுக்கமும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

3. ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். நோன்பு வைக்க இயலாத நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஃபித்யா பற்றி ஆலிம்களிடம் கேட்கலாம்.

நோன்பை விட மனமில்லாமல் அத்தாவோ அம்மாவோ பகல் மாத்திரையை மறைத்து வைக்கிறார்களா என்று பார்ப்பது பிள்ளைகளாகிய நம் பொறுப்பு.