வாகனம் கழுவும்போது விழும் கீறல்கள்: தடுப்பதும் நீக்குவதும்

வருட முடிவில் ஸகாத்துக்காகவோ வரிக்காகவோ கடைச் சாமானையும் களஞ்சியத்தையும் எண்ணிக் கணக்கெடுக்கிறோம். கடை வாசலில் வெயிலில் நிற்கும் கார் அல்லது வேனின் பெறுமதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்கள் என்ன விலைக்குக் கைமாறின என்பது வியாபாரிகளான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றும் தீர்வையோடு சேர்த்துப் பார்த்தால், புது வாகனம் நம்மில் பலருக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே கையிலுள்ளதைப் பாதுகாப்பது முதலைப் பாதுகாப்பதுதான்.

பாவித்த வாகனங்களை வாங்கி விற்பது என் தொழில். ஒரு வாகனம் வந்தால் நான் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, பொனட்டை. சாய்ந்த வெயிலில் நின்று பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் தெரியும். உரிமையாளரிடம் கேட்டால், “எங்கயும் அடிபடல்ல, ஒவ்வொரு நாளும் துடச்சி வச்ச வாகனம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் துடைத்ததுதான் காரணம்.

இன்றைய கார்களில் தகட்டின் மேல் முதலில் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று பல படைகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் தடிப்பு. இதில் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரோன். நாம் பில் அச்சடிக்கும் போட்டோகொப்பி தாள் ஒன்று சுமார் 100 மைக்ரோன் இருக்கும். அந்தத் தாளின் பாதித் தடிப்புத்தான் உங்கள் காரின் பளபளப்பு முழுவதும். வீதிப் புழுதியிலும் கடற்கரை மணலிலும் உள்ள பளிங்குத் துகளோ அதைவிட மிகக் கடினமானது. காத்தான்குடி, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் வாகனம் வைத்திருப்போருக்கு இந்த மணல் ஓயாத தொல்லை.

காலையில் கடை திறக்கும்போது சாரதியோ கடைப் பையனோ பழைய பனியன் துண்டால் காரை உலர்ந்தபடியே துடைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். இறகுத் தும்பை வைத்துத் தட்டுவோரும் உண்டு. என் அனுபவத்தில் வேறெதையும் விட அதிகமாகப் பெயின்டைக் கெடுப்பது இதுதான். துணிக்கும் பெயின்டுக்கும் இடையில் அகப்பட்ட துகள் கைபோகும் பக்கமெல்லாம் கோடு கிழிக்கிறது. வட்டமாகத் துடைத்தால் கோடும் வட்டமாக விழுகிறது. தூசு படிந்த காரை அப்படியே விட்டுவிடுவது உலர்ந்த துணியால் துடைப்பதைவிட நல்லது. பறவை எச்சத்தை மட்டும் விட்டுவைக்காதீர்கள், அது வெயிலில் பெயின்டை அரித்துவிடும். அதையும் சுரண்ட வேண்டாம். நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடங்கள் போட்டு வைத்து, இளகியதும் தூக்கி எடுங்கள்.

கழுவுவதற்கு நிழல் வேண்டும், பொனட் ஆறியிருக்கவும் வேண்டும். முதலில் வெறும் தண்ணீரால் மேலிருந்து கீழாக அடித்து, கழன்று வரக்கூடிய மண்ணையெல்லாம் கையே படாமல் இறக்கிவிடுங்கள். இந்த வேலையை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது. இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோபைபர் அல்லது ஆட்டுரோமக் கையுறையை ஷாம்பு வாளியில் தோய்த்து ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியில் அலசிய பின்னரே திரும்பவும் ஷாம்புக்குள் போட வேண்டும். ஒரே வாளியில் கழுவினால், இறக்கிய மண்ணையே திரும்ப எடுத்துக் காரில் பூசுகிறோம். தட்டையான ஸ்பொஞ்ச் வேண்டாம். மண் உள்ளே போக இடமின்றி அதன் முகப்பிலேயே நிற்கும். கூரையில் தொடங்கி, பொனட், கண்ணாடி, கதவின் மேற்பகுதி என்று இறங்கி, மண் அதிகம் பிடிக்கும் கீழ்ப்பகுதியைக் கடைசியில் எடுங்கள். டயருக்கும் ரிம்முக்கும் வேறு வாளி, வேறு துணி. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் அங்கேதான் இருக்கிறது. கையை நேர்கோட்டில், அழுத்தாமல் கொண்டுபோனால் போதும்.

ஷாம்புவுக்குச் செலவழிப்பானேன், சலவைத் தூள் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஷாம்புவின் முதல் வேலை துகள்களை வழுக்கிப் போகச் செய்வதுதான். சலவைத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் பூசிய மெழுகையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன்னால் போன லொறியின் சேற்றைத் தேய்த்த அதே பிரஷ், நிலத்தில் விழுந்து எழுந்து, உங்கள் கார்க் கூரைக்கு வருகிறதா? அங்கே வேலை செய்யும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு நேரம் இல்லை. உங்கள் கையுறையையும் துவாயையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

கழுவிய பின் தண்ணீரைத் தானாகக் காய விடக் கூடாது. யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற இடங்களின் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். தடித்த மைக்ரோபைபர் துவாயை விரித்து ஒற்றி எடுங்கள். நிலத்தில் விழுந்த துவாயைத் துவைக்கும்வரை தொடாதீர்கள்.

இனி, ஏற்கனவே விழுந்த கீறல்களுக்கு வருவோம். கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால், அல்லது தண்ணீர் பட்டதும் கோடு மறைந்தால், அது கிளியர் கோட்டோடு நிற்கிறது, பொலிஷில் போகும். நகம் தட்டினால் எவ்வளவு தேய்த்தாலும் முழுமையாகப் போகாது. நிறக் குறியீட்டைச் சொல்லி டச்சப் பெயின்ட் வாங்கி, நுண்ணிய தூரிகையால் அந்தக் கோட்டுக்குள் மட்டும் வைப்பதே வழி. சில கோடுகள் கீறலே அல்ல, வேறொரு வாகனத்தின் பெயின்ட் மேலே ஒட்டியது. அவை மெல்லிய பொலிஷிலேயே கழன்று வந்துவிடும்.

பொலிஷ் போடுவதென்றால் நன்கு கழுவிக் காய்ந்த காரில், மிக மென்மையான பொலிஷையும் நுரைப் பட்டையையும் கொண்டு, ஓர் அடிச் சதுரத்தில் முயன்று பாருங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்த தரத்துக்குப் போங்கள். பற்பசை வேண்டாம், அதிலும் தேய்க்கும் துகள் இருக்கிறது, ஆனால் அது காருக்காக அளந்து செய்ததல்ல. பழைய வெள்ளை வேன்கள் சிலவற்றுக்குக் கிளியர் கோட்டே இல்லை. துணியில் வெள்ளை நிறம் ஒட்டி வந்தால் நிறத்தையே தேய்க்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

பொலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறது. தேய்ந்தது திரும்பி வராது. பெருநாளுக்குப் பெருநாள் ‘கட் அண்ட் பொலிஷ்’ செய்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வெயிலைத் தாங்குவதும் அந்தப் படைதான். அது மெலிந்தால் சில வருடங்களில் கூரையிலும் பொனட்டிலும் வெள்ளைத் திட்டு விழுந்து உரியத் தொடங்கும். பிறகு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். அப்படி அடித்த வாகனத்தைப் பார்த்ததும் வாங்க வருபவர் விபத்து என்று நினைத்து விலையை இறக்குவார். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் இன்னும் மெலிது. மெஷினால் அங்கே அழுத்தித் தேய்ப்பவரிடம் காரை ஒப்படைக்காதீர்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீறலை எண்ணெய்ப் பசையுள்ள கலவையால் நிரப்பி, ஒரு வாரத்துக்குப் புதுக் கார் போலக் காட்டும் வித்தை சந்தையில் இருக்கிறது. இரண்டு மூன்று கழுவலில் எல்லாக் கோடும் திரும்பத் தெரியும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தை வெளியே காட்டி, வியாபாரியைக் கண்டித்த நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மறைத்த குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை ஃபிக்ஹ் நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்ற பெயரில் பேசுகின்றன. பொலிஷ் போட்டு விற்பது குற்றமில்லை. கேட்பவரிடம் ‘இது பொலிஷ் போட்டது, இந்தக் கதவு பெயின்ட் அடித்தது’ என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் மழைத்துளி நிற்கும் காரைப் பார்த்து விலை பேச வேண்டாம். துடைத்துக் காய்ந்த பிறகு கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பெயின்ட் தடிப்பு அளக்கும் சிறு கருவி யாரிடமாவது இருந்தால் கூரை, பொனட், நான்கு கதவு எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் மற்றவற்றைப்போல் இரு மடங்கு காட்டினால், அந்தக் கதவின் கதையை விற்பவரிடம் கேளுங்கள்.