தண்ணீர் எங்கே போகிறது?

தஞ்சோங் பகாரில் ஓர் அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் நிற்கும் அந்தக் காருக்கு 12 வயது. வாரந்தோறும் பாட்டியைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல அதுதான் துணை. ஒரு மாதமாக அதன் குளிர்நீர்க் கலனில் நீர் குறைந்துகொண்டே வந்தது. அப்பாவும் அவ்வப்போது ஊற்றி வந்தார்.

"பழைய கார் அல்லவா? அப்படித்தான் இருக்கும்," என்றார் அப்பா.

"தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லையே அப்பா. பிறகு தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டாள் உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள். அப்பாவிடம் பதில் இல்லை.

ஒரு சனிக்கிழமை, ஜூரோங்கில் உள்ள அத்தை வீட்டிற்கு இருவரும் புறப்பட்டனர். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. காரின் பின்புறம் வெண்புகை கிளம்பியது. அப்பா காரை ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். ரேடியேட்டர் மூடியைத் திறக்க அவர் முனைந்தபோது மகள் பதறினாள்.

"வேண்டாம் அப்பா! உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 பாகைக்கு மேல் சூடாகியிருக்கும். மூடியைத் திறந்தால் கொதித்து முகத்தில் பீறிட்டுவிடும்!"

அப்பா கையை இழுத்துக்கொண்டார். பிறகு இழுவை வண்டி வந்து, காரைப் புக்கிட் மேராவில் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றது.

பட்டறைப் பெரியவர் இயந்திரம் ஆறியபின் எண்ணெய் மூடியைத் திறந்தார். அதன் உட்புறத்தில் பால் கலந்த காப்பி நிறத்தில் ஒரு படலம் இருந்தது. "இதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது," என்றவர், நீலத் திரவம் கொண்ட ஒரு குழாயை ரேடியேட்டரின் வாயில் பொருத்தி இயந்திரத்தை ஓடவிட்டார். நீலம் மெல்ல மஞ்சளாக மாறியது. எரிந்த வாயு குளிர்நீரில் கலக்கிறது என்பதற்கு அது சான்று.

"இயந்திரத்தின் அடிப்பகுதிக்கும் தலைப்பகுதிக்கும் இடையில் ஹெட் கேஸ்கெட் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. எரியும் வாயு, எண்ணெய், நீர் மூன்றும் கலக்காமல் தடுப்பது அதுதான். அது சிதைந்ததால் நீர் உள்ளே புகுந்து ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போயிருக்கிறது," என்று பெரியவர் விளக்கினார்.

"கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றினால் போதாதா, அண்ணே?"

"சில நாள் தாங்கலாம். ஆனால், ரேடியேட்டரும் அடைத்துக்கொள்ளலாம். தகட்டின் விலை குறைவுதான். அதை மாற்ற இயந்திரத்தையே பிரிக்க வேண்டும், கூலிதான் அதிகம். சூட்டில் தலைப்பகுதி வளைந்திருந்தால் அதையும் சீவிச் சமப்படுத்த வேண்டும். முன்பே வந்திருந்தால் அந்தச் செலவு இருந்திருக்காது."

அன்றிரவு குடும்பத்தார் கணக்குப் பார்த்தனர். காரின் 10 ஆண்டு முடிந்தபோது வாகன உரிமைச் சான்றிதழை 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருந்தனர். அதை மீண்டும் நீட்டிக்க முடியாது. 3 ஆண்டுகள் மீதமிருந்தன. காரை இப்போதே ஒப்படைத்தால் மீதிக் காலத்திற்குரிய தொகை திரும்பக் கிடைக்கும். ஆனால், பாட்டிக்கு வாரந்தோறும் டாக்சி தேவைப்படும். பழுதுபார்க்கும் செலவை மகள் 36 மாதங்களுக்குப் பிரித்துக் காட்டினாள். டாக்சிச் செலவைவிட அது குறைவாகவே இருந்தது. பழுதுபார்ப்பதென முடிவாயிற்று.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, அப்பா நீரளவைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். சற்றுக் குறைந்திருந்தாலும், "தண்ணீர் எங்கே போகிறது?" என்று அவரே கேட்கிறார்.