கச்சா வீடும் கட்ச் நிலநடுக்கமும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வீட்டின் வகை, அதன் சுவரும் கூரையும் எப்பொருளால் ஆனவை என்பதைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. சுவர் சுட்ட செங்கல், கல் அல்லது காங்கிரீட்டாலும், கூரை ஓடு, தகடு அல்லது காங்கிரீட்டாலும் அமைந்திருப்பின் அது நிரந்தர வீடு, வழக்கில் 'பக்கா'. இரண்டும் மண், சுடாத செங்கல், புல், கீற்று முதலியவற்றால் அமைந்திருப்பின் அது தற்காலிக வீடு, அதாவது 'கச்சா'. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டியிருக்கும் கணக்கெடுப்புக்கு இஃது எளிய முறையே. ஆயினும் பொருளைக் கொண்டே உறுதியையும் மதிப்பிட்டுவிடுவதில் உள்ள பிழையைக் குஜராத்தின் கட்ச் மாவட்டம் எடுத்துக்காட்டியது.

2001 ஜனவரி 26 அன்று அங்கு நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சாந்தில் கல் அடுக்கிக் கட்டிய வீடுகள் ஏராளமாக இடிந்தன. தொலைவிலுள்ள அகமதாபாத்தில்கூடக் காங்கிரீட் அடுக்குமாடிகள் சில சரிந்தன. கட்சின் வடபகுதியான பன்னி புல்வெளியிலோ, முறையாகக் கட்டிப் பேணப்பட்டிருந்த 'புங்கா' எனும் வட்ட மண்வீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

புங்காவின் குறுக்களவு ஏறத்தாழ 3 முதல் 6 மீட்டர். சுவர், சுடாத செங்கல்லால் எழுப்பியதாகவோ, வரிச்சு கட்டி மண் அப்பியதாகவோ இருக்கும். சுவரின் மேல் குறுக்கே ஓர் உத்திரம் கிடத்தப்பெறும். அதன் நடுவில் நிற்கும் குட்டைத்தூண் கூம்புவடிவப் புற்கூரையைத் தாங்கும். நிலம் அசையும்போது நேர்ச்சுவர் தனித்து வெளிப்புறம் சாயக்கூடும். வளைந்த சுவரில் ஒரு பகுதியை அடுத்த பகுதி பற்றி நிற்கும். கூரை இலேசானது, சுவர் குட்டையானது, திறப்புகளும் சிறியவை. 1819-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திற்குப் பின்னரே இவ்வமைப்பு பரவியதாகக் கூறுவர். கோடை வெப்பத்தையும் புழுதிக்காற்றையும் தடுக்கும் பயனும் இதற்கு உண்டு.

பொருளாதார நோக்கில் இதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. களிமண், புல், மரம், சாணம் அனைத்தும் அண்மையில் கிடைப்பவை. உழைப்பு பெரும்பாலும் குடும்பத்தினுடையது. பூச்சுவேலை பெண்களின் கைத்திறன். ரொக்கச் செலவு சிறிது. ஆனால் அச்செலவு ஒரு முறையோடு முடிவதில்லை. மழைக்குப் பின் பூச வேண்டும், கூரையைப் புதுப்பிக்க வேண்டும், கறையானைத் தடுக்க வேண்டும். கூலிவேலை தேடி வெளியூர் செல்லும் குடும்பத்துக்கு இந்த நேரம் ஏது? சிமெண்டு வீட்டை விரும்புவோரை அறியாமையுடையோர் என்று கருதுவது பொருந்தாது.

மரபு என்பதாலேயே ஒரு வீடு பாதுகாப்பானதாகிவிடாது. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டதற்குப் பெருங்காரணம், மண்சாந்தில் அடுக்கிய தடித்த கற்சுவர்களும் அவற்றின் மேலிருந்த கனத்த மண்கூரையுமே. அவையும் தலைமுறைகளாகக் கட்டப்பட்டு வந்தவையே. ஆகவே ஆராய வேண்டியது வடிவம், எடை, இணைப்பு ஆகிய மூன்றுமாகும்.

மண்கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனை உயர்த்தும் வழிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993-லேயே ஐ.எஸ். 13827 என்னும் நெறிமுறையாக வெளியிட்டது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் விதிகளும், சாதாரணப் பராமரிப்புடன் 30 ஆண்டுகளேனும் நிலைக்கும் வீட்டையே 'பக்கா' என்கின்றன. கூரைக்கு நிரந்தரப் பொருள் வேண்டும். சுவர் உள்ளூர்த் தட்பவெப்பத்தைத் தாங்கினால் போதும். அலுவலர்கள் இவ்வரையறையை ஊன்றிப் படித்தல் நலம். இதன்படி மண்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட புங்காவுக்கு இடமுண்டு.

கட்சில் ஓடு வேய்ந்த புங்காக்கள் ஏற்கெனவே உள்ளன. ஓடு புல்லைவிடக் கனமானது. சுவரின் தலையைச் சுற்றிப் பிணைப்புப் பட்டை அமைக்காமல் அதனை ஏற்றினால், மண்சுவர் இதுவரை சுமந்திராத எடையைச் சுமக்க நேரும். 2001-க்குப் பின் எழுந்த புங்காக்கள் பலவற்றில், சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்திய மண்கற்களும் இத்தகைய பட்டைகளும் பயன்படுத்தப்பட்டன.