காலாளின் துணை

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாய் நிமிர்ந்து நிற்கும் குன்றின் உச்சியில் பழங்கோட்டை ஒன்று உண்டு. சங்ககிரிக்குச் சென்றால், மலைச்சரிவில் அடுக்கடுக்காய் எழுந்த மதில்களையும் வாயில்களையும் காணலாம். இக்கோட்டைகளைக் காணும் மாணவர் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் வேண்டும். மதிலின் பின்னே மறைந்திருக்கும் வீரனை வெளியே நிற்பவன் எங்ஙனம் தாக்குவான்? நேரே எய்த அம்பு மதிலில் பட்டு முறியும். மேல்நோக்கி எறிந்த கல்லோ மதிலைக் கடந்து உள்ளே வீழும். சோளக்கொல்லையில் பரண்மீது நின்று கவண் சுழற்றிக் கிளி ஓட்டுவோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். மதுரை மாநகரின் மதிலைக் காத்த பொறிகளுள் கல் எறியும் கவணையும் சிலப்பதிகாரம் கூறுகின்றது.

இக்காலப் பீரங்கிகளிலும் இவ்விரு வகை உண்டு. நீண்ட குழலும் மிகுந்த வேகமும் உடைய பீரங்கியின் குண்டு ஏறக்குறைய நேராகப் பாயும். எதிரியின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கு அது ஏற்றது. குறுகிய குழலை உடைய 'ஹவிட்சர்' என்னும் பீரங்கியின் குண்டு வேகம் குறைந்தது. எனினும் வளைந்து சென்று மறைவிடத்தின்மேல் வீழ வல்லது. வேகம் குறைவாதலின் குண்டின் சுவர் மெல்லியதாய் இருக்கலாம். அதனால் வெடிமருந்தை மிகுதியாக அடைத்தல் கூடும். கவசத்தைத் துளைக்கும் ஆற்றலில் தாழ்ந்தாலும், பதுங்குகுழியைத் தகர்ப்பதில் ஹவிட்சரே சிறந்தது.

இத்தகைய பீரங்கியை டாங்கியில் ஏற்ற வேண்டிய தேவை எவ்வாறு எழுந்தது? முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கியின் முன்னே வெட்ட வெளியில் நடந்து சென்ற காலாட்படையினர் கதிர் அறுப்புண்டாற்போல் வீழ்ந்தனர். அவர்களுக்கு முன்னே சென்று வழி திறக்கவே டாங்கி தோன்றியது. 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாகப் புகுந்தது. எனவே, டாங்கி பிறந்ததே காலாளின் துணையாகத்தான்.

ஆயினும், இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஒரு குறை புலப்பட்டது. ஆங்கிலேயர் டாங்கிகளில் இருந்த '2 பவுண்டர்' பீரங்கி கவசத்தைத் துளைக்கும் குண்டுகளையே வீசிற்று; வெடித்துச் சிதறும் குண்டுகள் அதற்கு வழங்கப்பெறவில்லை. டாங்கியை எதிர்க்கும் டாங்கி, குழியில் ஒளிந்திருந்த துப்பாக்கி வீரனை எதிர்க்க இயலாது நின்றது. ஆகவே, சில டாங்கிகளில் மட்டும் 3 அங்குல ஹவிட்சரைப் பொருத்தினர். பின்னர்ச் சர்ச்சில் டாங்கிகள் சிலவற்றில் 95 மில்லிமீட்டர் ஹவிட்சரும், அமெரிக்கரின் ஷெர்மன் டாங்கிகள் சிலவற்றில் 105 மில்லிமீட்டர் ஹவிட்சரும் இடம் பெற்றன. ஸ்டூவர்ட் என்னும் சிறிய டாங்கியின் உடலில் 75 மில்லிமீட்டர் ஹவிட்சரை ஏற்றி, 'எம் 8' என்னும் வண்டியையும் அமெரிக்கர் 1942 முதல் 1944 வரை செய்தனர். அதன் வெடிகுண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய 6½ கிலோகிராம். ஸ்டூவர்ட் டாங்கிக்குரிய 37 மில்லிமீட்டர் குண்டோ அதனினும் மிகச் சிறியது.

இவ்வண்டிகளிலும் குறை இல்லாமல் இல்லை. 'எம் 8' வண்டியின் சுழல்மேடைக்கு மேற்கூரை கிடையாது; மேலிருந்து எறியப்படும் ஒரு கையெறிகுண்டு போதும், உள்ளிருப்போர் உயிரைப் போக்குதற்கு. பழங்காலத்துப் போர்யானையும் இத்தகையதே. அது கோட்டைக் கதவை முட்டித் தகர்க்கும். ஆயினும் அதன் காலடியில் புகுந்து வெட்டும் பகைவரைக் காலாட்களே தடுத்தல் வேண்டும். டாங்கி காலாளைக் காக்கின்றது. காலாள் டாங்கியைக் காக்கின்றான். அரசன் ஆராய வேண்டிய வலிமைகளுள் துணைவலியையும் சேர்த்து வள்ளுவர் எண்ணியது இதுபற்றியே போலும்!

இவ்வுண்மை நம் நாட்டிலேயே ஒரு பனிமலைமீது மெய்ப்பிக்கப்பட்டது. ஸ்ரீநகரிலிருந்து லடாக் நாட்டு லே நகருக்குச் செல்லும் வழியில், 11,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் சோஜிலா என்னும் கணவாய் உள்ளது. 1948-ஆம் ஆண்டில் எதிரிப்படையினர் அதனைக் கைப்பற்றினர். வழி அடைபடவே, லே நகரைக் காத்து நின்ற சிறுபடை பேரிடருக்கு உள்ளாயிற்று. கணவாயின் இருமருங்கிலும் பாறை மறைவுகளில் இயந்திரத் துப்பாக்கிகள் காத்திருந்தன. செப்டம்பர் மாதத்தில் நம் காலாட்படையினர் தாக்கினர், வெற்றி கிட்டவில்லை. வீரத்தில் அவர்கள் குறைந்தாரல்லர்; துணையே குறைந்திருந்தது.

குடகு நாட்டினரான மேஜர் ஜெனரல் திம்மையா, டாங்கிகளைக் கணவாய்க்கு ஏற்றுவதெனத் துணிந்தார். அத்துணை உயரத்திற்கு டாங்கி வரும் என்று எவரும் எதிர்பார்த்திலர். 7-ஆம் குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள், சுழல்மேடைகள் கழற்றப்பட்டு, ஸ்ரீநகர் வழியே மறைவாகக் கொண்டு செல்லப்பட்டன. வலிமையற்ற பாலங்களின்மேல் அவற்றை வடம் பூட்டி இழுத்தனர்.

ஆனால், பால்தல் என்னும் இடத்திற்கு அப்பால் சாலையே இல்லை. கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதையே இருந்தது. அதனை வண்டிப் பாதையாக்கும் பணி மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படையின் இரு பிரிவுகளுக்கு வாய்த்தது. 1780-ஆம் ஆண்டு தொடங்கிய வரலாறுடைய அப்படையில் தமிழர் பலர் பணியாற்றி வருகின்றனர். அவர்களைப் பிற படையினர் 'தம்பி' என்று அன்புடன் அழைப்பர். பனி காணாத சமவெளியிலும் கடற்கரையிலும் பிறந்து வளர்ந்தோர், உறையும் குளிரில் பாறை உடைத்து வழி சமைத்தனர்.

1948-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், பனி படர்ந்த கணவாயினுள் டாங்கிகள் புகுந்தன. திம்மையா தாமே முன்னணியில் ஒரு டாங்கியில் சென்றார். பின்னிருந்து 25 பவுண்டர் பீரங்கிகளும் 3.7 அங்குல மலைப் பீரங்கிகளும் குண்டுகளை வளைத்து எறிந்தன. டாங்கிகள் அருகே சென்று மறைவிடங்களைச் சுட்டன. காலாட்கள் உடன் சென்று குன்றுகளைக் கைப்பற்றினர். ஹவிட்சர் ஏந்திய டாங்கி ஒருங்கே செய்யும் இருவகைப் பணியை, அங்குப் பீரங்கியும் டாங்கியும் பகிர்ந்து செய்தன. எதிரிகள் மதாயன் நோக்கிப் பின்வாங்கினர். அம்மாதம் முடிவதற்குள் திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டன. லே நகருக்குரிய வழி திறந்தது.

பிற்காலத்தில் டாங்கிகளின் பெரும்பீரங்கிகளே கவசத்தைத் துளைக்கும் குண்டையும் வெடிகுண்டையும் ஒருங்கே வீசும் திறம் பெற்றன. அதனால் ஹவிட்சர் டாங்கிக்குத் தேவை குறைந்தது. சென்னையை அடுத்த ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கியின் 120 மில்லிமீட்டர் பீரங்கி, எதிர் டாங்கியையும் பதுங்குகுழியையும் தாக்க வல்லது. கருவி மாறினும் கடமை மாறவில்லை.

சோஜிலாவை வென்றது டாங்கி என்பர். டாங்கிக்குப் பாதை தந்தவர் யார்? பாதை அமைத்தோர்க்குக் காவலாய் நின்றவர் யார்? வென்ற நிலத்தில் இறுதியாகக் கால் ஊன்றி நின்றவர் யார்? இவற்றை எண்ணிப் பார்ப்பவர், பெருஞ்செயல் எதுவும் ஒருவராலேயே முடிவதன்று என்பதை உணர்வர். மாணவர்களே, புகழ் பெற்றவரைப் போற்றும்போது, அவர் நடந்து செல்ல வழி அமைத்தோரையும் நினைவில் வைப்பீராக.

வினாக்கள்

1. நேர்ப்பாய்ச்சல் பீரங்கிக்கும் ஹவிட்சருக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. சில டாங்கிகளில் ஹவிட்சரைப் பொருத்த வேண்டிய தேவை எவ்வாறு எழுந்தது?
3. போர்யானையும் டாங்கியும் எவ்வகையில் ஒத்தன?
4. சோஜிலா வெற்றியில் மதராஸ் சாப்பர்களின் பங்கினை ஒரு பத்தியில் எழுதுக.