சார்ஜர் பழுதானால் யார் நிரூபிக்க வேண்டும்?

அன்புள்ள கயல்விழிக்கு,

மின்கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் பேட்டரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சார்ஜர் பழுதாகிவிட்டால் மட்டும் வாரண்டி ஏன் இத்தனை சிக்கலாகிறது என்று கேட்டிருந்தாய். மின்பொறியியலில் இறுதியாண்டு படிக்கிற உனக்கு இந்தக் கேள்வி எழுந்ததில் எனக்கு மகிழ்ச்சி. நாளைக்கு நீ அந்தச் சார்ஜரை வடிவமைக்கும் இடத்தில் இருக்கலாம். பழுதான சார்ஜரைப் பிரித்துப் பார்த்துக் காரணம் எழுதும் இடத்திலும் இருக்கலாம். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளி மின்சாரத்தால்தான் சார்ஜர் கெட்டது என்று சொல்லி வாரண்டியை மறுக்கிற நிறுவனம், அதைச் சான்றோடு நிரூபிக்கக் கடமைப்பட்டது. அந்தச் சுமையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றுவது தொழில்நுட்பப்படியும் சரியில்லை, நியாயப்படியும் சரியில்லை. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி மின்சாரம். பேட்டரி ஏற்றுக்கொள்வது டிசி. இரண்டுக்கும் நடுவே நின்று மாற்றிக் கொடுப்பது காருக்குள்ளேயே பொருத்தியிருக்கும் ஆன்போர்டு சார்ஜர். சர்வீஸ் சென்டரில் சுருக்கமாக ஓபிசி என்பார்கள். சுவரில் மாட்டுகிற வால்பாக்ஸ் காரோடு தகவல் பரிமாறி, பாதுகாப்பைச் சரிபார்த்து, ஏசியைத் திறந்துவிடுகிறது; மாற்றும் வேலை முழுவதும் காருக்குள் நடக்கிறது. 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3.3 கிலோவாட், 32 ஆம்பியர் இணைப்பில் சுமார் 7.2 கிலோவாட் என்று மணிக்கணக்கில் இந்தச் சார்ஜர் வழியாகத்தான் மின்சாரம் பாய்கிறது. நெடுஞ்சாலையில் இருக்கும் டிசி ஃபாஸ்ட் சார்ஜர்கள் இதைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்கே மின்சாரத்தைக் கொடுத்துவிடும். ஓபிசிக்குள் இரைச்சலை வடிக்கும் ஃபில்டர், பவர் ஃபேக்டரைத் திருத்தும் பகுதி, பேட்டரியை வெளி மின்சாரத்திலிருந்து பிரித்துவைக்கும் டிரான்ஸ்ஃபார்மர், நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் மாஸ்ஃபெட் சுவிட்சுகள், கெப்பாசிட்டர்கள் எல்லாம் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. ஒவ்வொரு சார்ஜுக்கும் அவை சூடாகி, பிறகு ஆறுகின்றன. விரிந்து சுருங்கும் இந்தச் சுழற்சி சாலிடர் இணைப்புகளையும் சுவிட்சுகளையும் மெல்லத் தளர்த்தும். இவற்றோடு சாலை அதிர்வு, கூலன்ட் கசிவு, ஈரம் ஆகியவையும் சேரும். ஆக, ஒரு சார்ஜர் கெட உள்ளேயே பல காரணங்கள் உண்டு. அதே சமயம், காரின் மின் பாகங்களில் ஊர் மின்சாரத்தை நேருக்கு நேர் சந்திப்பதும் இது ஒன்றுதான். சிக்கல் தொடங்குவது இங்கேதான். பழுது உள்ளிருந்து வந்தால் நிறுவனத்தின் பொறுப்பு, வெளியிலிருந்து வந்தால் உரிமையாளரின் பொறுப்பு என்று வாரண்டிப் புத்தகம் பிரிக்கிறது. ஆனால் எரிந்துபோன சுவிட்சைக் கண்ணால் பார்த்து அது எந்தப் பக்கத்து அடி என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று இருக்கிறது. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் ஐயோனிக் 5, இவி6 போன்ற கார்களில் ஆன்போர்டு சார்ஜரையும், 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தரும் கன்வெர்ட்டரையும் ஒரே பெட்டியில் சேர்த்து ஐசிசியூ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அது பழுதானால் 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் போகாது. எச்சரிக்கை விளக்கு எரியும், வேகம் குறையும், கடைசியில் ஓடிக்கொண்டிருக்கும் கார் நின்றுபோகலாம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ 2023இல் விசாரணையைத் தொடங்கியது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் இரு நிறுவனங்களுமாக 1,47,110 கார்களையும், தென் கொரியாவில் சுமார் 1,70,000 கார்களையும் திரும்ப அழைத்தன. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் 2,08,000க்கு மேற்பட்ட கார்களுக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. முதல் அழைப்பில் சரிசெய்யப்பட்டவையும் இரண்டாவதில் இருந்தன. இந்தியாவில் 2024 ஜூனில் 1,744 ஐயோனிக் 5 கார்கள் இதே காரணத்துக்காக அழைக்கப்பட்டன. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் ஒன்றுசேர்க்கப்பட்ட கார்கள் அவை.

இந்த நிகழ்விலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கையை விட முக்கியமான ஒன்று. நிறுவனமே தெரிவித்த காரணம், திடீரென எழும் உயர் மின்னழுத்தமும் சூடாகி ஆறும் சுழற்சியும் சேர்ந்து ஐசிசியூவைச் சேதப்படுத்துகின்றன என்பதாகும். கவனித்தாயா? அந்த மின்னழுத்தத்துக்கு வீட்டு மின்சாரத்தை நிறுவனம் காரணமாகக் காட்டவில்லை. தீர்வாக முதலில் மென்பொருளை மாற்றினார்கள். பழுதுக்கான குறியீடு பதிவாகியிருந்தால் ஐசிசியூவையும் ஃபியூஸையும் மாற்றிக் கொடுத்தார்கள். மென்பொருளால் தடுக்கக்கூடிய பழுது என்றால், அதன் வேர் வடிவமைப்பில் இருக்கிறது. அதிக வோல்டேஜால் எரிந்த அடையாளம் சார்ஜரில் இருப்பதாலேயே அந்த வோல்டேஜ் வீட்டு பிளக்கிலிருந்து வந்தது என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு காரில் ஒரு முறை நேர்ந்தால் அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆயிரக்கணக்கான கார்களின் பழுதுகளை அடுக்கிப் பார்த்தால்தான் வடிவமைப்பின் குறை தெரியும். அப்படி அடுக்கிப் பார்க்கும் வசதி நிறுவனத்துக்கு உண்டு. தனி உரிமையாளருக்கு ஒருபோதும் கிடையாது.

தகவல் யாரிடம் இருக்கிறது என்பதையும் யோசி. உள்ளே வரும் வோல்டேஜையும் கரன்ட்டையும் வெப்பத்தையும் அளக்காமல் எந்த ஓபிசியும் வேலை செய்ய முடியாது. வரம்பு மீறினால் அது சார்ஜை நிறுத்தி, பிழைக் குறியீட்டைப் பதிவு செய்யும். இணைய வசதியுள்ள கார்களில் இத்தகைய தகவல் நிறுவனத்தின் சர்வருக்கே போகும். பழுதான பெட்டியைக் கழற்றியதும் அதுவும் நிறுவனத்திடமே போய்ச் சேர்கிறது. உரிமையாளர் கையில் மிஞ்சுவது ஜாப் கார்டில் எழுதிய ஒரு வரி மட்டுமே. தன் அறிவுக்கு மட்டுமே எட்டிய செய்தியை அந்த அறிவு உடையவரே நிரூபிக்க வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் 106ஆம் பிரிவாக இருந்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 109ஆம் பிரிவாகத் தொடர்கிறது. காப்பீட்டு வழக்குகளிலும், விலக்கு விதியைக் காட்டி இழப்பீட்டை மறுக்கிற நிறுவனமே அந்த விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. வாரண்டியில் உள்ள ‘வெளிக் காரணம்’ என்பதும் ஒரு விலக்கு விதிதான். காலவரம்புக்குள் பழுதானது, கையேட்டில் சொன்னபடி பயன்படுத்தினேன் என்று காட்டுவது உரிமையாளரின் கடமை. அதற்குப் பிறகு பேச வேண்டியது நிறுவனம்.

எதிர்வாதங்கள் உண்டு; அவற்றை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். நம் வீடுகளின் வயரிங்குக்குக் கார் நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும் என்பது முதலாவது. இதில் உண்மை இருக்கிறது. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் வோல்டேஜ் 400 வரைக்கும் ஏறலாம். இடி இறங்கினால் அதைவிடப் பல மடங்கு பாயும். எர்த் இல்லாத வீட்டில், அதைக் கண்டுபிடித்துச் சார்ஜை மறுக்கும் கருவியை ஏமாற்ற நியூட்ரலையே எர்த்தாக இணைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்தான அந்த வேலையைச் செய்துவிட்டு வாரண்டி கேட்பது தவறு. ஆனால் இப்படிப்பட்ட நிகழ்வுகள் தடயம் விட்டுச் செல்பவை. நியூட்ரல் அறுந்தால் அந்த வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ் என்று பலவும் சேர்ந்து போகும். அதைக் காட்டட்டும், உரிமையாளர் ஏற்றுக்கொள்ளட்டும். எதையும் காட்டாமல் ‘வோல்டேஜ் ஏற்ற இறக்கம்’ என்று எழுதிக் கைகழுவுவதைத்தான் ஏற்க முடியாது. சாதாரண ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது சார்ஜரின் கடமைகளுள் ஒன்று. வாகனங்களின் மின்காந்தப் பொருத்தத்துக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 10, சார்ஜ் ஆகும் நிலையிலேயே காரின் ஏசி இணைப்பில் மின்னெழுச்சியைச் செலுத்திப் பார்க்கச் சொல்கிறது. மழையில் ஒழுகிய குடைக்கு, மழை பெய்ததுதான் காரணம் என்று கடைக்காரர் சொன்னால் யார் ஒப்புவார்கள்?

இந்தச் சுமை நிறுவனத்தின் மேல் விழுந்தால் கார் விலை ஏறும் என்பது அடுத்த வாதம். ஏறலாம். ஆனால் அந்தச் செலவு இப்போதும் இல்லாமல் போய்விடவில்லை. யார் சார்ஜர் கெட்டதோ அந்த ஒரு குடும்பம் முழுவதையும் சுமக்கிறது. ஆயிரம் கார்களுக்கும் பகிர்ந்தால் தாங்கக்கூடிய தொகை, ஒருவர் தலையில் இறங்கினால் பல மாதச் சேமிப்பைக் கரைத்துவிடும். மேலும், செலவு தன்னுடையது என்றால்தான் நிறுவனம் சார்ஜரைத் திருத்த முனையும். சார்ஜர் கெட்டாலும் டிசியில் சார்ஜ் செய்து ஓட்டலாமே, இதைப் பேட்டரி போல முக்கியமாகக் கருதுவது ஏன் என்றும் கேட்பார்கள். இரவில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றலாம் என்ற உறுதியை நம்பித்தான் மக்கள் மின்கார் வாங்குகிறார்கள். அந்த உறுதியைக் காப்பாற்றுவது ஓபிசி. ஐசிசியூ போன்ற அமைப்பில் காரின் ஓட்டமே அதை நம்பியிருக்கிறது. ஆனாலும் விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி, பல நிறுவனங்களில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் மட்டுமே. சார்ஜர் பொது வாரண்டியின் குறுகிய காலத்துக்குள் அடங்கிவிடும். வாங்கும் முன் இந்த ஒரு வரியை எழுத்தில் பார்த்துவிட வேண்டும்.

காப்பீடு கைகொடுக்காதா என்றால், அங்கே இன்னொரு கதவு மூடியிருக்கிறது. நம் நாட்டின் வழக்கமான மோட்டார் பாலிசி தீ, மின்னல் சேதத்தை ஏற்கும். இயந்திர அல்லது மின் பழுதை ஏற்காது. வாரண்டிக்காரர் இது வெளிக் காரணம் என்பார். காப்பீட்டுக்காரர் இது மின் பழுது என்பார். ஒரே பெட்டிக்கு எதிரெதிரான இரண்டு காரணங்கள். இரண்டிலும் இழப்பது உரிமையாளர். இந்த இடைவெளியை நிரப்பச் சில நிறுவனங்கள் மின்கார்களுக்குத் தனிக் கூடுதல் காப்பு விற்கின்றன. எடுத்தால் நல்லதுதான். ஆனாலும் வாரண்டி தர வேண்டியதைத் தனிக் காசு கொடுத்து வாங்கும் நிலை நியாயமாகிவிடாது.

ஆகவே மின்கார் வாங்குகிறவர்கள் உன்னிடம் யோசனை கேட்டால் இவற்றைச் சொல். சார்ஜிங் பாயின்ட் போடும்போதே தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் வோல்டேஜ், எர்த் அளவுகளை எழுதி வாங்க வேண்டும். மின்னெழுச்சித் தடுப்புக் கருவி பொருத்தி அதன் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். கார் சார்ஜ் ஏறாமல் போனால், சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் திரையில் தெரியும் எச்சரிக்கையைப் படமெடுக்க வேண்டும். ஜாப் கார்டில் தன் புகார் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். பிழைக் குறியீடுகளின் நகலைக் கேட்க வேண்டும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தக் காருக்குத் திரும்ப அழைப்பு ஏதும் உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். மறுப்பு எதுவானாலும், எந்த விதியின்படி, எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று மின்னஞ்சலில் பதில் கேட்க வேண்டும். அதற்கும் நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாதென்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு 38ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதனால் பழைய பெட்டியை அழிக்காமல் வைத்திருக்கும்படி தொடக்கத்திலேயே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக, உனக்காக ஒன்று. பழுதுக்கான காரணத்தை எழுதும் இடத்தில் நீ உட்காரும் நாள் வரும். அளந்து பார்த்ததை எழுது; அளக்காததைக் காரணமாக எழுதாதே. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது. காரணம் தெரியாத பழுதுக்கு வாரண்டி தருவதே முறை. நீ எழுதும் அந்த ஒரு வரியை எதிர்த்துப் பேசக் கருவியோ தகவலோ இல்லாத ஒரு குடும்பத்தின் பணம் அதில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் நலம் விரும்பி