பெயர் இல்லாத திரைக்கதை

படம் தொடங்கும்போது திரையில் ஓடும் பெயர்களை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? கதாநாயகன் பெயர் வந்ததும் நம் கடமை முடிந்தது! ஹாலிவுட் எழுத்தாளனுக்கோ அப்பெயர்தான் முதல். சென்ற படத்தில் பெயர் வந்திருந்தால் அடுத்த படத்துக்கு அழைப்பு வரும்; ஊதியமும் உயரும். ஆய்வுக் கட்டுரைகளில் எவர் பெயர் முதலில் வரவேண்டும் என்று நடக்கும் மௌனப் போர்களைக் காண்பவன் நான். ஆதலால் மைக்கேல் வில்சனின் வரலாறு என்னை ஈர்த்ததில் வியப்பில்லை.

1914-இல் ஓக்லஹோமாவில் பிறந்து பெர்க்லியில் பயின்றவர் வில்சன். பொதுவுடைமைத் தொடர்பு பற்றி விசாரித்த அமெரிக்கக் கீழ்ச்சபைக் குழுவுக்கு 1951-இல் விடையளிக்க மறுத்தார். சில மாதங்களில், 'எ பிளேஸ் இன் தி சன்' படத்துக்காக ஹாரி பிரௌனுடன் ஆஸ்கார் பரிசு பெற்றார். பரிசு வந்தது, வேலை போயிற்று.

எவர் பெயர் திரையில் வரவேண்டும் என்று தீர்ப்பது எழுத்தாளர் சங்கம் போராடிப் பெற்ற உரிமை. அச்சங்கமே 1952-இல், விசாரணைக் குழுவுக்குப் பணியாதவர்களின் பெயரை நீக்கப் படக்கம்பெனிகளுக்கு இசைவு தந்தது. கம்பெனிகள் கேட்டதைவிடச் சங்கம் கொடுத்ததே பெருங்கொடுமை என்பேன்.

விளைவு என்ன? 1956-இல் வெளிவந்த 'பிரெண்ட்லி பர்சுவேஷன்' படத்தில் திரைக்கதையாசிரியர் என்று எவர் பெயரும் இல்லை. தன்னைத் தானே எழுதிக்கொண்ட படம் போலும்!

வில்சன் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார். இலங்கையில் கித்துல்கலையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' 1957-இல் வந்தது. திரைக்கதை எழுதியவர்கள் வில்சனும், அவரைப்போலவே விலக்கி வைக்கப்பட்டிருந்த கார்ல் போர்மனும். திரையில் தோன்றியதோ, மூல நாவலைப் பிரெஞ்சில் எழுதிய பியேர் பூலின் பெயர். 1958-இல் ஆஸ்காரும் அவருக்கே போயிற்று. (மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மடிந்த இரயில்பாதையின் கதை அது. படத்தில் அவர்களைத் தேடினாலும் காணோம்.)

'லாரன்ஸ் ஆப் அரேபியா'விலும் இதே கதைதான். 1962-இல் மறைக்கப்பட்ட அவர் பங்கை அகாடமி ஒப்புக்கொண்டது 1995-இல்!

1968-இல் 'பிளானெட் ஆப் தி ஏப்ஸ்' வந்தது. அதுவும் பூலின் நாவலே. இம்முறை ராட் செர்லிங்குடன் வில்சனின் பெயரும் திரையில் ஒளிர்ந்தது. பத்தாண்டுக்குப்பின் வில்சன் காலமானார்.

குவாய்ப் படத்தின் பரிசு வில்சனுக்கும் போர்மனுக்கும் உரியது என்று அகாடமி தீர்மானித்தது 1984 இறுதியில். அவ்வாண்டின் நடுவிலேயே போர்மனும் மறைந்துவிட்டார். பரிசைப் பெற்றுக்கொண்டவர்கள் இருவரின் மனைவியரும்.