அட்மிட் வருகிற வரைக்கும்

காலை ஐந்தேகால் மணி. வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு. மற்ற மூவரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, எட்டுப் பல்கலைக்கழகங்களின் போர்ட்டலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். எட்டிலும் ஒரே வாசகம்: பரிசீலனையில் உள்ளது. ஏழரைக்கு கம்பெனி பஸ். பஸ்ஸில் உட்கார்ந்ததும் இன்னொரு சுற்று. சாப்பாட்டு வேளையில் மறுபடியும். ஜனவரியில் தொடங்கிய இந்தப் பழக்கம் என் தூக்கத்தையும் வேலையையும் சேர்த்தே தின்றது.

இப்போது பிப்ரவரி பிறந்தால், வேலை பார்த்துக்கொண்டே அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்திருக்கும் தம்பி தங்கைகள் யாராவது எனக்கு போன் செய்கிறார்கள். கேட்பது ஒன்றேதான்: "இன்னும் ஒண்ணும் வரலண்ணா. கிடைக்காதுன்னு அர்த்தமா?"

இல்லவே இல்லை. ஆனால் இதை "கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் மனசு ஓரிடத்தில் நிற்கும்.

ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரிக்குள் வரும். அதன் பிறகு கோப்புகள் துறைக்குப் போகின்றன. அங்கே அவற்றைப் படிப்பவர்கள் பேராசிரியர்கள். வகுப்பு, ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் நடுவில் படிக்கிறார்கள். பல துறைகளில் உதவித்தொகையோடு சேர்க்க வேண்டிய பிஎச்.டி. விண்ணப்பங்களை முதலில் முடித்துவிட்டுத்தான் எம்.எஸ். பக்கம் வருவார்கள். முடிவுகளையும் பல இடங்கள் ஒரே நாளில் விடுவதில்லை. முதல் சுற்றில் சிலருக்கு ஆஃபர் போகும். அவர்கள் வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த சுற்று. உங்கள் நண்பனுக்கு பிப்ரவரி 10-ல் வந்து உங்களுக்கு வரவில்லை என்றால், உங்கள் கோப்பு இன்னும் மேசையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 15 என்ற தேதி உங்கள் காதில் விழுந்திருக்கும். அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கழகங்களின் கவுன்சில் ஏற்படுத்திய உடன்பாட்டில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு வரும் ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் கேட்டு நெருக்கக் கூடாது. சொந்தப் பணத்திலோ லோனிலோ படிக்கப்போகும் எம்.எஸ். ஆஃபருக்கு இது பொருந்தும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். அதற்கான டெபாசிட் தேதி ஆஃபர் லெட்டரிலேயே இருக்கும். சிலருக்கு அது மார்ச்சிலேயே முடிந்துவிடுகிறது.

அடுத்தது கடிகாரம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது நமக்கு இரவு ஏழரை. கலிஃபோர்னியாவில் மாலை 5 மணிக்குக் கதவைச் சாத்தும்போது நமக்கு மறுநாள் காலை ஆறரை. (மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும்.) அதாவது, பகலில் நீங்கள் ஆபீஸில் இருந்து பத்துமுறை போர்ட்டலைத் திறக்கும்போது அந்த ஊரில் எல்லோரும் தூங்குகிறார்கள். சனிக்கிழமை விடிந்து வெயில் ஏறியதிலிருந்து திங்கட்கிழமை இரவு ஏழரை வரை அங்கே முடிவு எழுத யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒரு நாளுக்கு ஒரே முறை, காலையில் பல் தேய்த்த பிறகு பாருங்கள். ஞாயிறும் திங்களும் வேண்டாம். இந்த ஒரு மாற்றம் எனக்குத் திருப்பிக் கொடுத்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

பெயரில் ஒரு சிக்கல்

எட்டில் ஓர் இடத்தின் போர்ட்டலில் மட்டும், கீழே ஒரு மூலையில், ஜிஆர்இ தேர்வு மதிப்பெண்ணுக்கு எதிரே "கிடைக்கவில்லை" என்று சிவப்பில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம். முடிவுக்காக நான் காத்திருந்த அந்த மூன்று வாரமும் என் கோப்பை ஒருவரும் திறக்கவே இல்லை. குறையோடு இருக்கும் கோப்பு குழுவின் முன் போவதே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

காரணம் என் பெயர். மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பாவின் பெயர் முழுதாக. ஜிஆர்இக்கு பாஸ்போர்ட்படி பதிந்தேன், பல்கலைக்கழக விண்ணப்பத்தை மதிப்பெண் பட்டியல்படி நிரப்பினேன். அவர்கள் கம்ப்யூட்டருக்கு நான் இரண்டு ஆட்கள்.

குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஆங்கிலத் தேர்வில் ஒரு பெயர், டிரான்ஸ்கிரிப்டில் ஒரு பெயர், சிபாரிசுக் கடிதத்தில் மூன்றாவதாக ஒன்று. அதனால் இன்றைக்கே எல்லா போர்ட்டலிலும் உள்ளே போய், முடிவு வரும் இடத்தை விட்டுவிட்டு ஆவணப் பட்டியலைப் பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு சின்ன மெயில் போதும். நான் எழுதியது ஏறக்குறைய இதுதான்: "என் விண்ணப்ப எண், பிறந்த தேதி, ஜிஆர்இ பதிவு எண் கீழே. எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேமாக இருப்பது என் தந்தையின் பெயர்; மதிப்பெண் பட்டியலில் அதன் முதலெழுத்து மட்டும் இருக்கிறது. இரண்டும் நானே. பாஸ்போர்ட் பக்கத்தை இணைத்திருக்கிறேன்." இரண்டே நாளில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருப்பவர்கள் கவனிக்க: அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுதும் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யு" என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாஸ்போர்ட்டைத் திருத்த நினைப்பவர்கள், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வருவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும்.

அந்த மெயிலை அனுப்பிய அன்று ராத்திரிதான் பல வாரங்களுக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன். பதில் ஒன்றும் வந்துவிடவில்லை. கையால் செய்ய ஒரு வேலை இருந்தது, செய்து முடித்தேன், அதனால் வந்த தூக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வேலைகள்

முதல் வேலை வங்கி. ஆஃபர் வந்த பிறகு லோனுக்கு அலையலாம் என்று இருந்துவிட்டால் மே மாதம் மூச்சு முட்டும். முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் பல்கலைக்கழகம் ஐ-20 தரும். ஐ-20 இல்லாமல் விசா இல்லை. பொதுத்துறை வங்கியில் பெரிய தொகைக்குப் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். மூலப்பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது, தாத்தா காலமான பிறகு பெயர் மாற்றினார்களா, வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்கு எடுக்க வேண்டும் என்று பிப்ரவரியிலேயே அப்பாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். சித்தப்பாவின் கையெழுத்து தேவைப்படும் பத்திரமாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே ஒரு மாதம் ஆகும். அவசரமில்லாத நேரத்தில் கேட்டால் உறவும் கெடாது. வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் அமைப்புக்கான கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இவற்றையும் கணக்கில் சேர்த்துவையுங்கள்.

இரண்டாவது, இன்னொரு கதவு. இது தோல்விக்கான ஏற்பாடு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாற்று வழி ஒன்று கையில் இருப்பவர்தான் முதல் வழியை நடுங்காமல் எதிர்பார்க்க முடியும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்குப் பல படிப்புகள் மே இறுதி வரையோ ஜூலை 15 வரையோ விண்ணப்பம் வாங்குகின்றன. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ; மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஒரு வருடச் செலவுக்கு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். அடுத்த வருடம் மறுபடி அமெரிக்காவுக்கே முயல்வதாக இருந்தாலும் இந்த வருட உழைப்பு வீணில்லை: ஜிஆர்இ மதிப்பெண் 5 வருடம், டோஃபல், ஐஇஎல்டிஎஸ் 2 வருடம் செல்லும்.

மறுப்பு வரும்போது

வரும். எனக்கு முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை விடியலில், மூன்று வரியில். நூறு டாலரை ஒட்டிய விண்ணப்பக் கட்டணம், எஸ்ஓபி என்ற நோக்கக் கட்டுரைக்காக விழித்த இரவுகள், எல்லாம் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஏன் கிடைக்கவில்லை என்று அவர்கள் எழுத மாட்டார்கள். இடம் எத்தனை, உங்கள் ஆர்வத்துக்கு ஏற்ற பேராசிரியர் அந்த வருடம் ஆள் எடுக்கிறாரா, உங்களைப் போலவே எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாத பல கணக்குகள் அதில் உண்டு. காரணம் தேடி எஸ்ஓபியைத் திறந்து ஒவ்வொரு வரியாகக் குற்றம் பார்க்காதீர்கள். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். அட்மிட் வந்தவர்கள் படம் போடும் வாட்ஸ்அப் குழுவை ஒரு வாரம் மியூட் செய்யுங்கள். அவர்கள் சந்தோஷம் நியாயமானது, நீங்கள் அதை அன்றைக்கே தாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

காத்திருப்போர் பட்டியலில் வைத்தால், இருக்கச் சம்மதம் என்று அன்றே பதில் போடுங்கள். புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால், பதவி உயர்வோ வெளியான கட்டுரையோ, அவர்கள் ஏற்பதாக இருந்தால் ஒரே ஒருமுறை அனுப்பலாம்.

ஆபீஸில் எப்படி இருப்பது

போகப்போகிறோமே என்று வேலையில் கை தளர்வதுதான் இந்த மாதங்களின் பெரிய ஆபத்து. மார்ச் வருடக் கணக்கு முடியும் நேரம், அப்ரைசல் நேரம். மனசில் பாதியை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். நல்ல ப்ராஜெக்ட் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். போனால் ரெஸ்யூமேயில் இருக்கும், போகாவிட்டால் பதவியில் தெரியும். மேனேஜரே சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் அவருக்கு விஷயம் தெரியும். இல்லையென்றால் முடிவு வரும்வரை சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஆனால் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை இப்போதே எடுத்துப் படியுங்கள். நோட்டீஸ் பீரியட் 90 நாளா, 60 நாளா? சம்பளத்தைக் கட்டிவிட்டு முன்னதாகப் போக வழி இருக்கிறதா? பயிற்சி ஒப்பந்தம் ஏதாவது பாக்கியா? எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்பிருந்துதான் நாட்டுக்குள் நுழைய முடியும். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் விமானம் என்றால், 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் மே முதல் வாரத்திலேயே ராஜினாமா எழுத வேண்டும். அப்போது விசா நேர்காணலுக்குக்கூடத் தேதி கிடைத்திருக்காது. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நான் சொல்வது இது: ஐ-20 கையில் வந்து, லோன் சாங்ஷன் கடிதமும் வரும் வரை பேப்பர் போடாதீர்கள். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வரும்வரை காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது. மீதி நாட்களுக்கு மேனேஜரிடம் நேரில் பேசி, சீக்கிரம் விடுவிக்கக் கேளுங்கள். மேல்படிப்புக்குப் போகிறவர்களிடம் பல மேனேஜர்கள் கனிவாகத்தான் நடந்துகொள்கிறார்கள். விசா தாமதமானால் சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் மட்டும் நின்றுவிடாதீர்கள். பின்னால் எந்த வேலைக்குப் போனாலும் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் கேட்பார்கள். கடைசி நாளில் எச்.ஆர். உங்கள் கையில் அவற்றைக் கொடுக்கும்போது, பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.